மெட்டுக்கு மூன்று தகப்பன்

முதல் அடி விழுந்ததுமே அண்ணி கைப்பையைத் திறந்து, பஞ்சை எடுத்து, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார்.

"அண்ணி, நாம கேக்கறதுக்கு வந்திருக்கோம்!" என்று கத்தினேன்.

"நீ கேளு. நான் பாக்கறேன்."

மேடையில் கறுப்புச் சட்டை போட்ட நால்வர் தங்கள் கருவிகளோடு தீராத பகை கொண்டவர்களைப் போல நடந்துகொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரர் அடித்தார் என்று சொன்னால் போதாது, விசாரணை நடத்தினார். நடுவில் நின்ற கிட்டார்காரருக்கு இடுப்பு வரை முடி. அதற்குப் பின்னால் முகம் இருக்கிறது என்பதற்கு அதுவரை எங்களிடம் ஆதாரம் இல்லை. முடியன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சுவரொட்டியில் அவரே அப்படித்தான் போட்டிருந்தார்.

அந்த அரங்கில் அன்று மாலை நான்கு குழுக்கள். முதலில் இந்தக் கறுப்புச் சட்டைகள். அடுத்து ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களின் பித்தளை வாத்தியக் குழு. அதன் பிறகு ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்சுகள் நால்வர். கடைசியாக, எங்களைத் துப்பறிய அமர்த்தியிருந்த கட்சிக்காரரின் குழு.

கட்சிக்காரர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தார். தன்னை இசையமைப்பாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர். வயலின் வாசிப்பார். அவருடைய தங்கை கீபோர்டு. இருவரும் சேர்ந்து நடத்தும் குழு. அவர் போட்ட ஒரு புது மெட்டு, இன்னும் எந்த மேடையும் ஏறாதது, அதற்குள் வெளியே போய்விட்டது. முடியனின் குழு அதை வாசிப்பதை யாரோ கைபேசியில் பிடித்து அவருக்கே அனுப்பியிருந்தார்கள். மெட்டு தெரிந்தவர்கள் அவரும் தங்கையும் மட்டும். ஒத்திகை அறைப் படிக்கட்டில் தங்கையும் முடியனும் நின்று பேசியதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். மீதிக் கதையை அவர் மனசே எழுதி முடித்துவிட்டது.

"எனக்கு ஆதாரம் மட்டும் குடுங்க," என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். "நாங்க மேடை ஏறுறதுக்கு முன்னாடி வேணும். எல்லார் முன்னாடியும் சொல்லி அவளை விலக்கிடறேன்."

தங்கையின் இடத்துக்கு ஆளும் தயார். முதல் வரிசையில் ஒருவர் கீபோர்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். தங்கை சுவரோரம் தனியாக நின்றாள். இருவருக்கும் ஒரே வீடு. ஆனால் மெட்டு வெளியே போனதிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அண்ணன் மனைவிதான் நடுவில் நின்று "உப்பு வேணுமாம்", "அங்கதான் இருக்காம்" என்று தூது போகிறாள்.

எங்கள் துப்பறியும் அலுவலகத்திலும் ஓர் அண்ணன் மனைவிதான். என் அண்ணன் தொடங்கிய தொழில். அவன் போன பிறகு மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றோடும் என்னையும் சேர்த்து அண்ணியே எடுத்து நடத்தினார். அண்ணனைவிட நன்றாக நடத்தினார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அண்ணன் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பான்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கட்சிக்காரர் என் கையைப் பிடித்து நெரித்தார். "இதுதான்! கேக்குதா? இதேதான்!"

கேட்டது. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே ஒரு மெட்டு ஏறி, தயங்கி, வளைந்து இறங்கியது. அழகான மெட்டு. அந்த இடத்தில் அது தப்பான பேருந்தில் ஏறிய பெண்ணைப் போல இருந்தது. அது முடிந்ததும் டிரம்ஸில் மூன்று அடி: டக், டக், டக்.

அண்ணி ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். "பாட்டு எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா அது முடிஞ்சதும் எதுக்குக் கதவைத் தட்டறாங்க?"

அண்ணிக்கு சங்கீதம் அவ்வளவுதான். தாலாட்டுக்கும் தேசிய கீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்களா என்று பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.

"போய் அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டு வா," என்றார். "உன் ஜோக்கையெல்லாம் நாற்காலியிலயே வெச்சிட்டுப் போ."

சுவரோரம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை கேட்டாள், "எங்கண்ணன் வெச்ச துப்பறியற ஆள் நீங்கதானா?"

"துப்பறியறவங்க அங்க உக்காந்திருக்காங்க. நான் அவங்க கொழுந்தன்."

"சரி, கேளுங்க. முடியனைக் காதலிக்கறேனான்னுதானே? இல்ல. அவன் ஏற்கெனவே காதலிக்கறான்."

"யாரை?"

"அவன் முடியைத்தான். அன்னிக்குப் படிக்கட்டுல நிறுத்தி, என்ன ஷாம்பு போடறேன்னு கேட்டான். அதைத்தான் எங்கண்ணன் பாத்தது."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா மன்னிச்சுடறானாம். எங்க அண்ணிகிட்ட சொல்லி அனுப்பினான். எடுத்திருந்தா ஒத்துக்கலாம் சார். எடுக்கலையே, எதை ஒத்துக்கறது?" மேடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சின்ன வயசுல அவன்தான் என் விரலைப் பிடிச்சு ஒவ்வொரு கட்டையா வெச்சான். இன்னிக்கு அந்த இடத்துல வேற யாரோ உக்காரப் போறாங்க. ஊர் பூரா சொல்லிட்டான், நான் திருடின்னு. வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா போனா உண்மைன்னு ஆயிடும்ல."

நான் திரும்பி வந்தபோது தீயணைப்பு வீரர்கள் மேடையில் அணிவகுத்து நின்றார்கள். நீலச் சீருடை, துடைத்துத் துடைத்துத் தேய்ந்த பொத்தான்கள். முன்னால் நின்ற வெள்ளை மீசைக்காரரை மற்றவர்கள் கேப்டன் என்றார்கள். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆனாலும், அவர் கையை உயர்த்தியபோது எங்காவது தீப்பிடித்திருக்கிறதா என்று நான் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கம்பீரமான அணிவகுப்பு இசை. மெதுவாக, மரியாதையாக. இரண்டாவது பகுதியில் டிரம்பெட்டுகள் ஒரு மெட்டை எடுத்தன. ஏறி, தயங்கி, வளைந்து இறங்கியது. கடைசியில் பெரிய மேளத்தில் டம், டம், டம்.

கட்சிக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "இவங்களுமா?"

"சார், உங்க தங்கச்சிக்கு தீயணைப்புத் துறையிலயும் ஆள் இருக்கோ?" என்றேன். "இருந்தா பேரன் பேத்தி எடுத்த ஆளாத்தான் இருக்கணும்."

அவர் என்னை முறைத்தார். அண்ணி என்னை முறைக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தால் வலது புருவம் மட்டும்தான் சிரிக்கும். கூட்டமான அரங்கு எதிலாவது நுழைந்தால் இன்றைக்கும் நான் அந்தப் புருவத்தைத்தான் முதலில் தேடுகிறேன்.

நாங்கள் மேடைக்குப் பின்புறம் போனபோது, ஒருவர் மட்டும் போகக்கூடிய நடைவழியில் முடியனும் கேப்டனும் எதிரெதிரே மாட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் வழிவிடத் தயாராக இல்லை.

"என் மெட்டை எடுத்து நார்நாராக் கிழிச்சிருக்கியே தம்பி!"

"உங்க மெட்டா? பெருசு, என் பாட்டை எடுத்து சவ ஊர்வலம் மாதிரி இழுத்தது நீங்க!"

"ரெண்டு பேரும் திருடனுங்க!" என்று கட்சிக்காரர் எங்களுக்குப் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டார். ஆக, மெட்டு ஒன்று, தகப்பன் மூன்று. மூவருமே நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். எனக்கு மூவரையும் நம்பத் தோன்றியது, அதுதான் சங்கடம்.

அண்ணி பள்ளிக்கூட டீச்சர் போலக் கையைக் கட்டிக்கொண்டார். "சண்டை அப்புறம். முதல்ல ஒவ்வொருத்தரா சொல்லுங்க. இந்த மெட்டு எப்படி உங்களுக்குத் தோணுச்சு?"

முடியன் முடியை விலக்கினார். உள்ளே சாதுவான ஒரு முகம் இருந்தது. "அது ஒரு கறுப்புச் சுழல் மேடம். ஒரு ஆன்மா அதுல மாட்டிக்குது. சுத்துது, சுத்துது, வெளிய வர முடியல. கடைசியில சுழல் நிக்குது. விடுதலை."

"நீங்க?"

கேப்டன் மீசையைத் தடவினார். "குழாயில தண்ணி சீறிட்டுப் போற வேகம் இருக்கே அம்மா, அதுதான் ஆரம்பம். நெருப்பு அணைஞ்சதும் ஒரு அமைதி வரும். அந்த அமைதியில பொறந்தது."

கட்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "விடியக்காலை மழை. விடாம பெய்யுது. சட்டுனு நின்னுபோற அந்த நிமிஷம்..."

"அந்த மூணு தட்டு?"

"நான் வில்லால தட்டுவேன். மெட்டுக்கு அதுதான் உயிர்."

அண்ணி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "மூணு பேருக்கும் தண்ணியிலதான் கண்டம். கவனிச்சியா?"

"கவனிச்சேன். மூணு பேரையும் ஆத்துப் பக்கம் விடக்கூடாது."

"விளையாடாத. வண்டி திருடறவன் முதல்ல என்ன பண்ணுவான்?"

"நம்பர் பிளேட்டைக் கழட்டுவான்."

"இந்த மெட்டோட நம்பர் பிளேட் அந்தத் தட்டுதான். பாட்டே புரியாத எனக்கே அதை வெச்சு அடையாளம் தெரியுது. ஆனா முடியனும் கழட்டல, கேப்டனும் கழட்டல. மேடையில, எல்லார் காதுக்கும் கேக்க, போட்டு அடிக்கறாங்க. யாரு அப்படி ஓட்டிட்டுப் போவான்?"

"திருட்டு வண்டின்னு தெரியாதவன்."

"அதேதான்," என்ற அண்ணி அடுத்த வார்த்தையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். அவர் இப்படிப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. அண்ணனும் இதையே குறை சொல்லிக்கொண்டிருப்பான்.

நர்சுகள் மேடை ஏறினார்கள். இரண்டு கிட்டார், ஒரு உக்குலேலே, ஒரு கஞ்சிரா. வலியில்லாமல் ஊசி போடுவதாகப் பொய் சொல்வது பற்றி ஒரு பாட்டு. பேஷண்டைவிட அதிகமாக மயங்கி விழும் உறவினர்களைப் பற்றி ஒரு பாட்டு. அரங்கமே சிரித்துப் புரண்டது. அண்ணி மட்டும் சிரிக்காமல், பஞ்சில்லாத காதை மேடைக்குக் கொடுத்து, கடைசிவரை கேட்டார்.

"வந்துச்சா?" என்றார்.

"எது?"

"அந்த மெட்டு."

"வரலையே அண்ணி."

"ஏன் வரல? இவங்க மட்டும் ஏன் திருடல?"

திருடாதவர்களைச் சந்தேகப்பட்ட ஒரே துப்பறிவாளர் எங்கள் அண்ணியாகத்தான் இருக்கும். அவர்கள் இறங்கி வந்ததும் மூத்த நர்சை வழியில் நிறுத்தினார்.

"நீங்க எங்கம்மா ஒத்திகை பாக்கறீங்க?"

"எல்லாரும் பாக்கற இடம்தான். பின்சந்துல சலவைக் கடை இருக்கில்ல, அதுக்குக் கீழ இருக்கற அறை. வேற இடம் ஏது? முடியன் குழு, பெரியவங்க குழு, இந்த வயலின் சார், எல்லாரும் அங்கதான்."

"நீங்க எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத்தான் மேல கடை மூடியிருக்கும். மத்த நாள்ல மேல மெஷின் ஓடுற அதிர்வுல கிட்டார் தானா வாசிக்கும் மேடம்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "கொழுந்தனாரே, துவைக்கறதுக்குத் துணி ஏதாவது இருக்கா?"

"போட்டிருக்கறதுதான்."

"அது போதும். வேணாம், கழட்டாத. நான் இசையமைப்பாளரைக் கூட்டிட்டு முன்னாடி போறேன். நீ தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து கடை வாசல்லயே நில்லு. உள்ள வராத. பேசாத. முக்கியமா, நீ பேசாத."

சலவைக் கடை அரங்குக்கு நேர் பின்னால்தான். வெள்ளை விளக்கு, ஈரச் சோப்பு வாசனை, சுவரோரம் வரிசையாக இயந்திரங்கள். வட்டக் கண்ணாடிகளுக்குப் பின்னால் யார் யாருடைய சட்டைகளோ கட்டிப் புரண்டன. கடைக்காரம்மா ஒரு படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளோடு போராடிக்கொண்டிருந்தார். திறந்த கதவுக்கு வெளியே, இருட்டுப் பக்கமாக நானும் தங்கையும் நின்றோம். உள்ளே பெஞ்சில் அண்ணியும் கட்சிக்காரரும்.

"இங்க எதுக்கு மேடம்? எங்க முறை வந்துடும்."

"கொஞ்சம் பொறுங்க. அதோ, அது முடியப் போகுது."

ஓர் இயந்திரம் சீறி, சுழன்று, சுழன்று, வேகம் குறைந்து நின்றது. தண்ணீர் எங்கோ கீழே இறங்கும் சத்தம். ஒரு கணம் அமைதி. பிறகு மெல்லிய மணிக்குரலில் அது பாடியது. ஏறி, தயங்கி, வளைந்து இறங்கியது. பாடி முடித்ததும் கதவுப் பூட்டு விடுபட்டது: டக், டக், டக்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"துணி ஆயிடுச்சுன்னு சொல்லுதுங்க," என்றார் கடைக்காரம்மா, யாரும் கேட்காமலே. "இந்தப் புது மெஷினுங்க வந்ததுல இருந்து இதே கூத்து. நிறுத்தலாம்னா பொத்தானையே காணோம். கனவுல கூட வந்து பாடுது."

பக்கத்து இயந்திரமும் முடித்துக்கொண்டு அதே மெட்டை எடுத்தது. கட்சிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"விடியக்காலை மழை..." என்றார், குரல் இல்லாமல்.

"தண்ணின்னு சரியாத்தான் சொல்லியிருக்கீங்க," என்றார் அண்ணி. "பாட்டை நிறுத்தி, மூச்சு வாங்கிட்டு, அடுத்து என்னன்னு யோசிப்பீங்கல்ல? அப்ப மேல இது பாடியிருக்கு. காதுல விழுந்தது உங்களுக்கே தெரியல. வீட்டுக்குப் போனதும் தானா வந்த மாதிரி இருந்திருக்கு. முடியனுக்கும் அப்படித்தான், கேப்டனுக்கும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை வர்றவங்க மட்டும் தப்பிச்சாங்க. யாரும் யார்கிட்டயும் திருடல. உங்க தங்கச்சி யாருக்கும் எதையும் குடுக்கல."

கட்சிக்காரர் கடைக்காரம்மா பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அவருக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார், "மேடம், அவதான் எடுத்தான்னே இருந்துட்டுப் போகட்டும்."

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ சின்னவ. ஒரு கெட்ட பேரு வந்தா நாலு நாள்ல ஊர் மறந்துடும். நான் துணி துவைக்கற மெஷினைக் காப்பியடிச்சேன்னு தெரிஞ்சா, சாகற வரைக்கும் சிரிப்பாங்க. அவளை நான் அப்புறமா, ஆறு மாசம் கழிச்சு, மன்னிச்ச மாதிரி சேர்த்துக்கறேன்."

என்னிடம் அந்த இடத்துக்கு ஏற்ற ஜோக்குகள் இரண்டு இருந்தன. பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து இரண்டையும் விழுங்கினேன்.

"ஆதாரம் கேட்டீங்க, குடுத்துட்டேன்," என்றார் அண்ணி. "அதை என்ன பண்றதுங்கறது உங்க இஷ்டம். பொய்க்கு நான் ரசீது போடறதில்ல." பிறகு குரலை உயர்த்தாமல், வாசல் பக்கம் பார்த்து, "உள்ள வாம்மா."

தங்கை உள்ளே போனாள். கட்சிக்காரர் எழுந்து நின்றார்.

"நீ எப்ப வந்தே?"

"நான் சின்னவன்னு தெரியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுது கிழுது வெக்காத அண்ணா, கடையில ஆள் இருக்காங்க," என்றாள். "மெஷினைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மேடமும் சொல்ல மாட்டாங்க. இவரு?" என்று என்னைக் காட்டினாள்.

"அவன் என் பொறுப்பு," என்றார் அண்ணி. அண்ணி இருந்தவரைக்கும் அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். மைக்ல சொல்லு, என் தங்கச்சி எடுக்கலைன்னு. ஊர் பூரா எப்படிச் சொன்னியோ அதே மாதிரி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"அப்ப யார் எடுத்ததுன்னு கேப்பாங்களேம்மா."

"கேப்பாங்க. அது உன் பாடு."

நாங்கள் அரங்குக்குத் திரும்பியபோது அவர்கள் முறை வந்திருந்தது. தங்கை கீபோர்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மடியில் பையோடு இருந்தவர் குழப்பத்தோடு பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். கட்சிக்காரர் மைக்கின் முன் வந்து தொண்டையைச் செருமினார். ஆதாரம் கிடைத்ததும் பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு இனி அவருக்கு உதவாது.

"ஒரு விஷயம்," என்றார். "எங்க மெட்டு ஒண்ணு வெளிய போச்சு. என் தங்கச்சிதான் குடுத்தாள்னு நான் பல பேர்கிட்ட சொன்னேன். அவ குடுக்கல."

பக்கவாட்டில் நின்ற முடியனும் கேப்டனும், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே சுதியில், "அப்ப யாரு?" என்றார்கள்.

அவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைகள் மடியில் இருந்தன. கட்டைகளைத் தொடவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

"நானும் கேட்டு எழுதினதுதான்," என்றார் கடைசியில். "எனக்கே தெரியாம. என்னோடதும் இல்ல, இவங்க ரெண்டு பேரோடதும் இல்ல. எங்க கேட்டேன்னு மட்டும் கேக்காதீங்க."

அரங்கம் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. அவர் அதையும் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு வயலினைத் தோளில் வைத்து, தங்கையிடம் நேராகக் கேட்டார், "ஆரம்பிக்கலாமா?"

அவள் ஆரம்பித்தாள். ஆனால் அது அந்த மெட்டு இல்லை. நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் கேட்டதில்லை என்று தெரிந்தது. வில்லைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நுழைவது என்று தெரியாமல் நின்றார்.

"இது நல்லா இருக்கா?" என்று அண்ணி என் காதில் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி."

"அவளோடதா?"

"அவளோடதுதான்."

மேடையில் மெட்டு ஒரு சுற்று முழுதாக முடிந்தது. அண்ணன் அசையாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் தங்கை அவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் வில்லை நரம்பில் வைத்தார்.